தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் விமானம்!

பூமி உருண்டை ஒன்றை எடுத்து, பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் நூலின் ஒரு முனையை வையுங்கள். மறுமுனையை ஜப்பானின் டோக்கியோ வரை இழுத்துப் பிடியுங்கள். நூலின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல்தான் கிடக்கும். தூரம் சுமார் 7,800 கி.மீ.

செல்போனில் தேடினாலும் இதே எண்தான் வரும். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால், 9 மணி நேரத்தில் போய்விடலாம். 2022 தொடக்கம் வரை கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஒன்பதரை மணி நேரப் பயணம். இப்போது சுமார் 13 மணி நேரம்!

ஊர்கள் நகரவில்லை. வழிதான் அடைபட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது.

அதிகம் அடிவாங்கியது பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம். ‘ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்குவழி எங்கள் ஊர்தான்’ என்பதே அதன் பிழைப்பு. லண்டன், பாரிஸ் பயணிகளை ஹெல்சின்கிக்கு அழைத்து வந்து, அங்கிருந்து டோக்கியோவுக்கும் சியோலுக்கும் பறக்க வைத்தது. அந்தக் குறுக்குவழி ஒரே இரவில் போனது. சீன நிறுவனங்களோ இன்றும் ரஷ்யாவின் மேல் ஜம்மென்று பறக்கின்றன!

ஃபின்ஏருக்கு மிஞ்சியவை இரண்டு சுற்றுவழிகள். ஒன்று, தெற்கே இறங்கி துருக்கி, மத்திய ஆசியா, சீனா வழியாக. இன்னொன்று, நேராக வட துருவத்தின் மேலேறி, அலாஸ்கா பக்கம் இறங்கி, பசிபிக் வழியாக. அன்றன்றைய காற்றைப் பார்த்து வழியை முடிவு செய்கிறார்கள்.

துருவ வழி சும்மா இல்லை. அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்கள் குறைவு. காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது. வெளியே குளிர் கடுமையானால் எரிபொருளே உறையும் அபாயம் உண்டு; அதன் வெப்பநிலையை விமானிகள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடுங்குளிர் தாங்கும் உடைகளும் விமானத்தில் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இது பழைய பாதைதான். கேட்டவர்களுக்கெல்லாம் சோவியத் யூனியன் வான்வழியைத் திறந்துவிடாத 1983-ல், இதே ஃபின்ஏர் வட துருவம் வழியாக எங்கும் நிற்காமல் டோக்கியோ போனது. அப்போதும் சுமார் 13 மணி நேரம்! நாற்பது வருட விமான முன்னேற்றத்தை ஒரு மூடிய எல்லை விழுங்கிவிட்டது.

டிக்கெட்டைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ கடிகாரம் 7 மணி நேரம் முன்னால் ஓடும். மாலை 6 மணிக்குக் கிளம்பினால் மறுநாள் மதியம் 2 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். 20 மணி நேரம் என்று பதறக் கூடாது. திரும்பும்போது 6 மணி நேரம்தான் போலத் தெரியும். அதற்காக மகிழவும் கூடாது. ‘பயண நேரம்’ என்று தனியே போட்டிருப்பதைப் பாருங்கள்.

கூடுதல் மூன்றரை மணி நேரத்துக்கு ஆறுதலாக, வட துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு ஃபின்ஏர் ஒரு சான்றிதழும் கொடுத்தது!