தண்டவாளத்து ஓரம் ஏன் எடை தொங்குகிறது?



ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு மின்சார ரயிலில் போகும்போது வெளியே பாருங்கள். சில கம்பங்களில் மட்டும் இரும்பு எடைகள் அடுக்காகத் தொங்கும். எதற்கு என்று தெரியுமா? போன வாரம் வரை எனக்கும் தெரியாது.

வகுப்பில் டீச்சர் கேட்டாங்க, "கயிற்றைத் தட்டினா ஒரு மேடு ஓடுதே, அதுதான் அலைத் துடிப்பு. அது வேகமா ஓட என்ன செய்யணும்?" நான் முந்திக்கொண்டு, "பலமா தட்டணும் டீச்சர்" என்றேன். "செஞ்சு பாத்துட்டு வந்து சொல்லு" என்றாங்க.

வீட்டில் ஒரே மாதிரி இரண்டு நீளக் கயிறுகளை எடுத்தேன். ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை எதிரே உள்ள ஜன்னல் கம்பி மேல் போட்டு, ஆளுக்கு ஒரு செங்கல் தொங்கவிட்டேன். நான் பலமாகத் தட்ட, தங்கச்சி மெதுவாகத் தட்டினாள். என் மேடு பெரிசு. ஆனால் இரண்டும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தன! எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு என் கயிற்றில் மட்டும் 4 செங்கல் தொங்கவிட்டேன். தங்கச்சியின் துடிப்பு ஜன்னலைத் தொடுவதற்குள் என்னுடையது போய்த் திரும்பியே வந்துவிட்டது. இழுவிசை 4 மடங்கானால் வேகம் 2 மடங்கு. 3 மடங்கு வேகம் வேண்டுமென்றால் 9 மடங்கு இழுவிசை வேண்டும். கயிறு கனமாக இருந்தால் வேகம் குறையும்.

இப்போது ரயிலுக்கு வருவோம். ரயிலின் மேலே உள்ள சட்டம் மின்கம்பியைக் கீழிருந்து தள்ளிக்கொண்டே ஓடுகிறது. அந்த அசைவு கம்பியில் அலையாக ஓடும். அலையின் வேகத்தை ரயில் நெருங்கினால் கம்பி எகிறும், தொடர்பு விட்டுப்போய் தீப்பொறி பறக்கும். அதனால் கம்பியைச் சுமார் 1000 கிலோ எடைக்குச் சமமாக இழுத்து வைக்கிறார்கள். கம்பி ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ. கணக்குப் போட்டால் அலையின் வேகம் மணிக்குச் சுமார் 360 கி.மீ. நம்ம ஊர் மின்சார ரயில் இதில் மூன்றில் ஒரு பங்குகூடப் போவதில்லை. பிரான்சில் 2007-ல் ஒரு ரயில் மணிக்கு 574.8 கி.மீ. ஓடி சாதனை செய்தது. அதற்காகக் கம்பியை வழக்கத்தைவிட இறுக்கினார்கள்.

சித்திரை வெயிலில் செம்புக் கம்பி நீளும். உடனே எடை கீழே இறங்கி, தொய்வு விழாமல் இழுத்துக்கொள்ளும். மார்கழியில் கம்பி சுருங்கினால் எடை மேலே ஏறும். என் செங்கல் செய்த அதே வேலைதான்!

ஒன்று மறக்காதீர்கள். அந்தக் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் உள்ளது. பக்கத்தில் போனாலே உயிருக்கு ஆபத்து. அங்கே பட்டம் விடாதீர்கள், சிக்கிய பட்டத்தை எடுக்கவும் போகாதீர்கள். சோதனையை வீட்டுக் கயிற்றில் செய்யுங்கள். செங்கல் காலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி