கம்ப்யூட்டர் தானே அணைந்தால்...

வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று தானே அணைந்து போகிறதா? கடைக்காரர் ‘மதர்போர்டு போச்சு’ என்றதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். தில்லியில் நண்பர்கள் என்னைக் கூப்பிடும்போது நான் முதலில் கேட்பது இதுதான்: போட்ட பிறகு எவ்வளவு நேரம் ஓடுகிறது?

நாலைந்து விநாடிதான் என்றால் பவர் பட்டனைப் பாருங்கள். அதைச் சுமார் 4 விநாடி தொடர்ந்து அழுத்தினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலும் அதே கதைதான்.

சில நிமிடம் ஓடி அணைகிறது, உடனே மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறது என்றால் சூடுதான் காரணமாக இருக்கும். இங்கே கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும், புழுதிக்கும் குறைவில்லை. பிராசஸர் மேலுள்ள விசிறியில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். பிறகு விசிறி சுற்றுகிறதா என்று கவனியுங்கள்.

விளையாட்டு போன்ற கனமான வேலையின்போது மட்டும் அணைந்தால், எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்திருக்கலாம். வேறு நல்லதொன்றை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும்.

கடைக்கே கொடுப்பதானாலும், ஹார்டு டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, ஊர்ப் படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு கொடுங்கள். மதர்போர்டுக்குப் பதில் மதர்போர்டு கிடைக்கும். தாத்தா பாட்டி படம் கிடைக்காது.