அரவானுக்காக அழுபவர்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் சிறிய ஊர் கூவாகம். சித்திரை மாதத்தில் அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலுக்கு வெளி மாநிலங்களிலிருந்தும் திருநங்கைகள் திரண்டு வருகிறார்கள். கூழ் வார்க்கும் சடங்கான சாகை வார்த்தலோடு தொடங்கும் விழா 18 நாள் நடக்கும். பாரதப் போரும் 18 நாள்தான்.

கூத்தாண்டவராக இங்கே வணங்கப்படுபவன் அரவான், அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த மகன். பாண்டவர் வெல்ல வேண்டுமானால் 32 லட்சணங்களும் பொருந்திய ஒருவனைக் காளிக்குக் களப்பலி கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் அப்படி இருந்தவர்கள் கண்ணன், அர்ச்சுனன், அரவான் மூவர் மட்டுமே. முதல் இருவர் இல்லாமல் போர் ஏது? அரவான் சம்மதித்தான். சாகுமுன் கல்யாணம் ஆக வேண்டும், வெட்டுண்ட தலை போர் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று வரம் கேட்டான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி அவனுக்குக் கழுத்தை நீட்டினான். பலி முடிந்ததும் தாலி அறுத்து ஒப்பாரி வைத்தான்.

வடமொழிப் பாரதத்தில் இந்தக் களப்பலி கிடையாது. எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் இறக்கிறான் அரவான். தமிழில் 9ஆம் நூற்றாண்டிலேயே பெருந்தேவனாரின் பாரத வெண்பா களப்பலியைச் சொல்லிவிட்டது. மோகினி கல்யாணத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவை தெருக்கூத்தும் வாய்மொழிக் கதைகளும்.

தன்னலம் பாராத தியாகம் என்றுதான் இந்தக் கதையின் அறத்தைப் பொதுவாகச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் கூவாகம் அதற்கு மேலும் ஒன்றைக் கேட்கிறது என்று நினைக்கிறேன். பெரியவர்களின் வெற்றிக்காக ஓர் இளைஞன் சாகிறான். அவனை அனுப்பியவர்கள் அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? பலி கேட்ட தரப்பின் தலைவனான கண்ணனையே அவன் மனைவியாக உட்கார்த்தி அழ வைத்தது இந்த மண்ணின் கற்பனை. தன் வெற்றிக்காகச் செத்தவனுக்குத் துக்கம் காப்பதும் அறம் என்று அது சொல்கிறது.

விழாவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விழாவின் இறுதிப் பகுதியில் வரும் செவ்வாய்க்கிழமை சுவாமிக்குக் கண் திறந்த பிறகு, பூசாரி கையால் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இரவெல்லாம் கும்மியும் பாட்டும். மறுநாள் காலை, சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் சிலை உறுப்புகளைப் பொருத்தித் தேரில் அரவான் உருவம் எழுகிறது. தேர் பந்தலடி என்ற இடத்துக்குப் போனதும் பலி. தாலி அறுகிறது, வளையல் உடைகிறது, குளித்துவிட்டு வெள்ளைச் சேலை கட்டிக்கொள்கிறார்கள். குடும்பமே ஒதுக்கிவிட்ட பலருக்கு, தங்கள் துக்கத்தை ஊரறிய அழுது தீர்க்கும் இடமும் இதுவே.

செய்திப் படங்களில் அதிகம் வராத ஒன்று உண்டு. வேண்டுதல் வைத்த சுற்றுவட்டார ஆண்களும் சிறுவர்களும் அதே வரிசையில் நின்று கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள்.