கைக்குத் தெரிகிற விமானம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியும் முன்பே அந்த வளைவுகளில் ஏறத் தொடங்கிவிடும். பவர் ஸ்டியரிங் வராத காலத்து ஜீப்பை ஓட்டியவர்களுக்கு ரோடு கண்ணில் பாதி, கையில் பாதி. ஜல்லி பெயர்ந்த இடம், மழை ஈரம், முன்சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்குவது எல்லாம் ஸ்டியரிங் வழியாகத் தோள்பட்டை வரை வந்துவிடும். பவர் ஸ்டியரிங் வந்தபின் தோள் வலி போயிற்று. கூடவே ரோட்டின் பேச்சும் குறைந்துபோயிற்று.

போர் விமானங்களில் இதே மாற்றம் 1950களிலேயே நடந்துவிட்டது. கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டுக்காரர்கள் 'நிஜம் போல இருக்கிறதா' என்று மணிக்கணக்கில் சண்டை போடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஜீப்புதான் நினைவுக்கு வரும். அந்தச் சண்டை பெரும்பாலும் திரையைப் பற்றியே நடக்கிறது. மேகம் எப்படி இருக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு என்ன, எத்தனை ஃபிரேம் வருகிறது. கை பிடித்திருக்கும் ஸ்டிக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

நம் விமானப்படையில் 1963 முதல் இருந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற மிக்-21ஐ எடுத்துக்கொள்வோம். அதன் வால் பக்கத்துக் கிடைமட்டச் சிறகை அசைப்பது ஹைட்ராலிக் அழுத்தம். விமானி இழுக்கும் ஸ்டிக் அந்த ஹைட்ராலிக்குக்கு உத்தரவு கொடுப்பதோடு சரி. வெளியே காற்று எவ்வளவு முரண்டு பிடித்தாலும் கைக்கு எட்டாது. எட்டாவிட்டால் ஆபத்து. மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில், லேசாக இழுப்பதாக நினைத்து ஸ்டிக்கை முழுக்க இழுத்துவிட்டால் விமானம் தாங்காது. அதனால் வடிவமைத்தவர்கள் ஸ்டிக்குக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங்கை வைத்தார்கள். அதோடு ஏ.ஆர்.யு. என்றொரு பெட்டியும் சேர்ந்தது. வேகத்தையும் உயரத்தையும் பார்த்து, எவ்வளவு இழுத்தால் சிறகு எவ்வளவு அசையலாம், ஸ்டிக் எவ்வளவு கனக்கலாம் என்பதை அது தானாகவே மாற்றிக்கொண்டிருக்கும்.

ஆக, மிக்-21 விமானியின் கைக்குத் தெரிந்த கனம் அந்த ஸ்பிரிங் தந்த கனம். நிஜ விமானத்துக்குள்ளேயே ஒரு சிமுலேட்டர் இருந்திருக்கிறது. மேசைமேல் ஸ்பிரிங் வைத்த ஜாய்ஸ்டிக்கைப் பொம்மை என்று தள்ளுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

டி.சி.எஸ். என்ற விளையாட்டில் மிக்-21பிஸ் விமானம் 2014ல் வந்தது. ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் தளத்துக்காக வேறொரு குழு செய்து கொடுத்த விமானம் அது. இன்ஜினைக் கிளப்புவதற்கே பேட்டரி, இன்வெர்ட்டர், எரிபொருள் பம்பு என்று வரிசையாக சுவிட்ச் போட வேண்டும். எனக்குப் பிடித்தது அதன் எரிபொருள் மானி. மிக்-21ல் அந்த மானி டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதில்லை. புறப்படும் முன் நிரப்பிய அளவை விமானியே திருகி வைக்க வேண்டும். இன்ஜின் குடிப்பதை அது கழித்துக்கொண்டே வரும். திருக மறந்தாலோ தப்பாக வைத்தாலோ மானி சொல்வது முழுப் பொய். விளையாட்டிலும் அப்படியேதான் செய்திருக்கிறார்கள். மேகத்தின் அழகைவிட இந்த மாதிரி ஒரு அசௌகரியத்தில்தான் நான் நிஜத்தைப் பார்க்கிறேன். ஒரு இயந்திரம் எதைச் செய்யாது என்பதை விளையாட்டு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த இயந்திரத்தோடு பழக நம் இளம் விமானிகளுக்குக் கிடைத்த அவகாசம் போதவில்லை என்பது பழைய வருத்தம். கிரண் பயிற்சி விமானத்தில் மெதுவாகப் பறந்தவர்கள் நேராக மிக்-21க்கு மாறினார்கள். அதுவோ மணிக்கு 340 கிலோமீட்டர் ஒட்டிய வேகத்தில் தரையிறங்க வரும். நடுவில் ஒரு ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று லா ஃபான்டைன் குழு 1982ல் பரிந்துரைத்தது. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004ல்; படையில் சேர்ந்தது 2008ல். வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் போயின, 171 விமானிகள் இறந்தார்கள் என்று பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. அந்தோணி 2012ல் நாடாளுமன்றத்தில் சொன்னார். எல்லா விபத்துக்கும் பயிற்சிக் குறைவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மிக்-21ஐ திரையில் தரையிறக்கப் பார்த்துத் தொடர்ந்து நொறுக்குகிறவர்களுக்கு அந்த எண்கள் வேறு மாதிரித்தான் கேட்கும்.

ஸ்டிக்கைப் பற்றிய வேடிக்கையான கதை அமெரிக்க எஃப்-16ன் கதை. அதன் ஸ்டிக் விமானியின் வலது கைப்பக்கம் இருக்கிறது. முதலில் செய்தபோது அது அசையவே அசையாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை மட்டும் உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். 1974 ஜனவரி 20 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் முதல் மாதிரி விமானத்தை ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்க மட்டும்தான் திட்டம். சோதனை விமானி ஃபில் ஆஸ்ட்ரிச்சர் லேசாக அழுத்த, விமானம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. அவர் திருத்தத் திருத்த ஆட்டம் கூடியது. பின்சிறகு தரையில் உரசியது. தரையில் இருந்தால் உடைந்துவிடும் என்று அவர் மேலே கிளம்பிவிட்டார். ஆறு நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினார். அதிகாரபூர்வமான முதல் பறப்பு பிப்ரவரி 2ல்தான் நடந்தது. பிறகு, கைக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பதற்காக ஸ்டிக் துளி அசையும்படி மாற்றினார்கள். இன்று அதே போல அசையாத ஸ்டிக்கை விளையாட்டுக்காரர்களுக்காகச் செய்து விற்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அசையாத ஒன்றை வாங்குவதா என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

சாதாரண ஜாய்ஸ்டிக்குக்கு வருவோம். என் பழைய ஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்தது ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழில் இருக்கும் அதே சமாசாரம், பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் தடத்தின் மேல் ஒரு சின்ன உலோகக் கால் உரசிக்கொண்டே போகும். உரசினால் தேயும், தூசி சேரும். நடுவில் விட்டாலும் விமானம் ஒரு பக்கம் நடுங்கிக்கொண்டே இருக்கும். எதிரி விமானத்தின் வாலுக்குப் பின்னால் குறி வைக்கும்போது அந்த நடுக்கம் வந்தால் எரிச்சல் சொல்லி மாளாது.

நல்ல ஸ்டிக்குகளில் இதற்குப் பதிலாக ஹால் சென்சார் இருக்கும். ஒரு காந்தம், எதிரே ஒரு சில்லு. ஒன்றை ஒன்று தொடுவதில்லை. காந்தம் திரும்பும்போது சில்லில் பிறக்கும் மின்னழுத்தம் மாறுகிறது. அமெரிக்காவில் எட்வின் ஹால் 1879ல் மெல்லிய தங்கத் தகட்டில் கண்டுபிடித்த விஷயம் இது. தேய எதுவும் இல்லாததால் வருடக்கணக்கில் உழைக்கும்.

இந்த ஹால் விளைவுக்கும் போடிக்குப் பக்கத்துப் பொட்டிபுரத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. பொட்டிபுரம் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பை அடுக்கி, அதைக் காந்தமாக்கி நியூட்ரினோவை ஆராய்வதாகத் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. தண்ணீர் போய்விடுமோ, வெடிவைப்பில் மலை என்னாகும், பக்கத்தில் மதிகெட்டான் சோலை இருக்கிறதே என்று ஊர் கேட்டது, வழக்குகள் வந்தன. 2022ல் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. மலைக்குள் ஆய்வகம் வரவில்லை. ஆனால் அந்த இரும்புக்குள் துகள் எப்படி வளையும் என்பதை விஞ்ஞானிகள் கம்ப்யூட்டர் உருவகத்தில் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துக் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். மதுரையில் 85 டன்னில் ஒரு சின்ன மாதிரியும் ஓடியது. உருவகத்தில் போட்ட காந்தப்புலம்தான் நிஜத்திலும் இருக்கிறதா என்று பார்க்க, அந்த மாதிரியின் இரும்புத் தகடுகளுக்கு இடையே இருக்கும் சின்ன இடைவெளிகளில் அவர்கள் செருகியது ஹால் சென்சார்களைத்தான். ஊரே எதிர்த்த, நாடே பேசிய ஆய்வகம் உருவகத்தில் மட்டும் முழுதாக இருக்கிறது என்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. அந்த உருவகத்தைக்கூட ஒரு காந்தத்தையும் சில்லையும் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டியிருந்தது.

ஹால் சில்லு சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். கூட ஒரு ஆர்டுயினோ புரோ மைக்ரோ பலகை, இரண்டு சின்னக் காந்தம், பேரிங். அதற்கான நிரலை ஏற்றி அந்தப் பலகையை யு.எஸ்.பி.யில் சொருகினால் கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக் என்றே நம்பும். தலையைத் திருப்பினால் திரையில் பார்வை திரும்புவதற்கு டிராக்ஐஆர் என்ற கருவியை விற்கிறார்கள். அதற்குப் பதில் தொப்பியில் மூன்று அகச்சிவப்பு எல்.இ.டி. ஒட்டி, பழைய வெப்கேமராவைப் பிரித்து உள்ளே இருக்கும் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டு, ஒளிபட்டுக் கறுத்த ஃபிலிம் நெகட்டிவ்வை முன்னால் வைத்தால் போதும். அறை வெளிச்சம் மறைந்து மூன்று புள்ளி மட்டும் கேமராவுக்குத் தெரியும். ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கல்யாண ஆல்பங்களுக்குப் பின்னால் கிடக்கும் நெகட்டிவ்களுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு.

காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் ஸ்டிக்கின் நீளத்துக்குச் செலவழியுங்கள் என்பேன். மேசைமேல் வைக்கும் ஸ்டிக் ஒரு சாண் உயரம்தான். மணிக்கட்டு துளி அசைந்தாலே விமானம் துள்ளும். அதைச் சமாளிக்க மென்பொருளில் வளைகோடு போட்டு நடுப்பகுதியை மந்தமாக்குவார்கள்; அப்படிச் செய்தால் ஓரத்தில் திடீரென்று பாயும். மிக்-21ன் ஸ்டிக் தரையிலிருந்து முழங்கால்களுக்கு நடுவே எழுந்து நிற்கும். அதே கோணத்துக்குக் கை அதிக தூரம் போக வேண்டும் என்பதால் நுணுக்கம் தானாகவே வந்துவிடும். பத்து சென்டிமீட்டர் நீட்டிப்புக் குழாய் ஒன்று, கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங், நாற்காலியோடு பிடிக்க ஒரு சதுர பைப் சட்டம். சட்டத்தைப் போடியில் எந்த ஜீப் பட்டறையிலும் வெல்டிங் அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்பிரிங் எல்லா விமானத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப்போர் கால ஸ்பிட்ஃபயரில் ஸ்டிக்குக்கு ஹைட்ராலிக் உதவி கிடையாது. கம்பி வழியாகக் காற்றோடு நேரடி மல்லுக்கட்டு. தொடக்கத்தில் அதன் இறக்கை ஓரத்து எய்லிரான்களைத் துணியால் போர்த்தியிருந்தார்கள். அதிவேகத்தில் ஸ்டிக்கை நகர்த்துவதே பெரும்பாடு. இந்த உணர்வுக்கு மோட்டார் வைத்து எதிர்த்துத் தள்ளும் ஸ்டிக் வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2000 வாக்கில் சைட்வைண்டர் என்ற பெயரில் விற்றுப் பிறகு கைவிட்ட ஸ்டிக்கை இன்னும் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. இப்போது புதிய கம்பெனிகள் மீண்டும் செய்யத் தொடங்கியிருக்கின்றன.

ஹெலிகாப்டர் வேறு ஜாதி. 2018 மார்ச் 11ல் போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற வந்தவர்களைச் சூழ்ந்தபோது, மீட்புக்காகச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்தன. விமானப்படையின் மி-17ம் டி.சி.எஸ்.ஸில் இருக்கும் மி-8ம் ஒரே குடும்பம். அதில் ட்ரிம் பொத்தானை அழுத்தினால் ஸ்டிக் தளர்ந்து, விட்ட இடத்திலேயே புதிய நடுவாக நிற்கும். நம் ஜாய்ஸ்டிக் அப்படி நிற்காது. ஸ்பிரிங் நடுவுக்கு இழுத்துவிடும். எனவே பொத்தானை அழுத்தியதும் விளையாட்டு அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, நாம் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரும் வரை காத்திருக்கிறது. இந்த வசதியைப் போட மறந்தால் நாம் பிடித்திருப்பதும் அது நினைவில் வைத்திருப்பதும் கூடி ஹெலிகாப்டர் குப்புறப் பாயும். கடைசியில் ஸ்பிரிங்கையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள்தான் புத்திசாலிகள். டி.சி.எஸ்.ஸின் வரைபடங்களில் நம் மலைகள் கிடையாது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் உலகம் முழுவதும் இருப்பதால் குரங்கணிக்கு மேல் பறக்கலாம். ஆனால் அதில் சுட முடியாது.

நம் பையன்கள் உண்மையில் கேட்பது நம் நாட்டுத் தேஜஸ் போர் விமானம். சூலூரில் தேஜஸ் நிற்கிறது. அதன் இறக்கையும் கம்ப்யூட்டரும் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கு எங்கும் விற்பனைக்கு இல்லை. சேவையில் இருக்கும் விமானத்தின் கையேடு ரகசியம். 2021ல் வார் தண்டர் விளையாட்டுக்காரர் ஒருவர், விளையாட்டில் வரும் பிரிட்டன் பீரங்கி வண்டி தப்பாக இருக்கிறது என்று நிரூபிக்க, ரகசிய ஆவணத்தின் பக்கங்களையே பொதுவில் போட்டார். அதன் பிறகும் இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. நிஜத்துக்கான வெறி சிறைவாசல் வரை கூட்டிப்போகும். நம் விமானப்படையே 2019 ஜூலையில் மொபைலுக்கு ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதில் வந்த மீசைக்கார விமானி, அந்த பிப்ரவரியில் மிக்-21ல் பறந்து பாகிஸ்தானிடம் பிடிபட்டுத் திரும்பிய நம்மூர் அபிநந்தனை நினைவுபடுத்தினார். அதில் நிஜத்தைத் தேடக் கூடாது. ஆள் சேர்ப்புக்கான விளம்பரம் என்று எடுத்துக்கொண்டால் மோசமில்லை.

தேஜஸின் நிஜ சிமுலேட்டர் கதை இதைவிடச் சுவையானது. தானாக நிலைத்து நிற்காத வடிவம் அது. நான்கு மடங்கு காப்புள்ள கம்ப்யூட்டர்தான் அதை வானில் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கான விதிகளை எழுதியவர்கள் முதலில் தரையில் இருந்த சிமுலேட்டரில் சோதித்தார்கள். 1996 ஜூலையில் அமெரிக்காவில் விஸ்டா என்ற எஃப்-16 விமானத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். வேறு விமானத்தைப் போல நடந்துகாட்டுவதற்கென்றே மாற்றியமைத்த எஃப்-16 அது. ஸ்டிக்கை இழுத்தால் எஃப்-16, தேஜஸ் மாதிரி பறக்கும். 1998ல் பொக்ரான் சோதனைக்குப் பின் அமெரிக்கத் தடை வந்து அந்த வாசல் மூடியது. மீதி வேலையை இங்கேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் பெங்களூரில் தேஜஸை முதன்முதலாக மேலே எடுத்துச் சென்றார்.