நிற்கிற கல்லைப் படுக்க வையுங்கள்!

2021 நவம்பர் 29, அதிகாலை. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தரை ஆடியது. வேலூரிலிருந்து 59 கி.மீ. தள்ளி மையம், ரிக்டரில் 3.6. டிசம்பர் 23 பிற்பகல் மறுபடியும், 3.5. தோல் பதனிடும் ஊர்களில் பல நாள்களுக்கு இதே பேச்சுதான்.

வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பிற்காலப் பல்லவர் சிற்பங்கள் முதல் கண்டியின் கடைசி மன்னர் விக்ரம ராஜசிங்கனின் தந்தச் சதுரங்கப் பலகை வரை அங்கே உண்டு. சதுரங்கப் பலகையைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்துவிடலாம். கற்சிலையை?

6 அடி உயரம், 3 அடி அகலம், 1 அடி கனமுள்ள கருங்கல் பலகை ஏறக்குறைய 1,350 கிலோ இருக்கும். 'இவ்வளவு கனத்தை எது அசைக்கும்?' என்றுதான் தோன்றும். ஆனால், கவிழ்வதைத் தீர்மானிப்பது எடை அல்ல. உயரத்துக்கும் அடிக்கனத்துக்கும் உள்ள விகிதம். இந்தக் கல்லுக்கு அது ஆறுக்கு ஒன்று. அதாவது, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆறில் ஒரு பங்கு முடுக்கத்தில் தரை பக்கவாட்டில் இழுத்தாலே கல் ஆடத் தொடங்கும். வேலூர் இருக்கும் மூன்றாம் மண்டலத்துக்கு 2002-ல் வந்த இந்தியத் தரநிலை வைத்த கணக்கு 16 சதவீதம். கிட்டத்தட்ட அதே எல்லை! (2021-ல் வந்தவை அவ்வளவு பெரியவை இல்லை என்பது ஆறுதல்.)

பூஜ் நகரின் கட்ச் அருங்காட்சியகம் 1877-ல் தொடங்கியது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் பெரும் சேதமடைந்தது. அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம், தரை ஆடினாலும் சிலை ஆடாதபடி நகரும் பீடங்களையே உருவாக்கியது. அதற்குப் பணம் வேண்டும்.

கிடங்குக்கு அவ்வளவு செலவு வேண்டாம். பார்வையாளர் வராத இடம்தானே, நிமிர்த்தி வைப்பானேன்? உயரமான கல்லை மரச்சட்டங்கள் மேல் ரப்பர் விரித்துப் படுக்க வைக்கலாம். விரிசல் விழுந்த கல் என்றால் நீளம் முழுக்கத் தாங்கல் வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒடியும். படுக்க வைக்கவே முடியாத சிலைக்கு அகலமான அடித்தளச் சட்டம், மெத்தை வைத்த பட்டை. சுவரில் சாய்த்து வைப்பதுதான் மிக மோசம். அடியில் சிமென்ட் பூசுவதும் வேண்டாம். பிறகு பெயர்க்கும்போது கல்லும் பெயரும்.

இரும்பு அலமாரிகளை ஒன்றோடொன்று பிணைத்து, கனமானதைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். பழைய கோட்டைச் சுவரில் துளை போட முடியாது என்பதால் தரையிலேயே பிடிமானம் தேட வேண்டியிருக்கும். வீட்டில் பீரோ மேல் சூட்கேஸ் அடுக்கியிருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.