உண்பார் கடன்

திருவள்ளுவர் விருந்தோம்பல் என ஓர் அதிகாரம் வகுத்து, இடுவார் கடனை நன்கு விளக்கினார். உண்பார்க்கும் ஒரு கடன் உண்டன்றோ? இவ்வினாவை எம்முள் எழுப்பியவை, குஜராத் மாநிலத்துப் பெருநகராகிய ஆமதாபாத் நமக்கு அளித்துள்ள மூன்று உணவுச்சாலைகளாம்.

இக்காலத்து நகரங்களில், ஒரு கருத்தினை மேற்கொண்டு, கட்டடம், இருக்கை, கலம், பரிமாறும் முறை ஆகிய யாவும் அதற்கியைய அமைந்த உணவுச்சாலைகள் பல்கியுள்ளன. சிறைச்சாலை போலவும் புகைவண்டி போலவும் கோலம் புனைந்து கண்ணை மகிழ்விப்பன பல. கோலத்தளவில் நில்லாது உண்பாரிடத்து ஒன்றை வேண்டி நிற்பன சிலவே. ஈண்டுக் கூறப்புகுந்த மூன்றும் அத்தகையன.

முதலாவது விசாலா. சுரேந்திர பட்டேல் என்பார் 1978-ஆம் ஆண்டில் இதனைச் சிற்றூர் ஒன்றின் வடிவில் அமைத்தார். விளக்கின் மெல்லொளியில் தரையில் அமர்ந்து, தாழ்ந்த பலகைமேல் இட்ட இலைக்கலத்தில் கம்பு ரொட்டியும் வெண்ணெயும் வெல்லமும் கிச்சடியும் உண்ணல் வேண்டும். இதன் அகத்தே 1981-இல் பாத்திரங்களுக்கெனவே ஒரு காட்சிச்சாலை தோன்றியது. பித்தளையாலும் செம்பாலும் பிறவற்றாலும் ஆகிய 4,000-க்கு மேற்பட்ட கலங்கள் அங்குள்ளன. எவர்சில்வர் வந்தபின் நம் பாட்டியர் போற்றிய அண்டாவும் குடமும் எங்குச் சென்றன? எடைக்குப் போடப்பட்டு உலையில் உருகின அல்லவா? உணவை மட்டுமன்றி, அதனை ஏந்திய கலத்தையும், அக்கலத்தை வனைந்த கையையும் நினைமின் என்பதே இச்சாலையின் வேண்டுகோள்.

இரண்டாவது, லால் தர்வாசாப் பகுதியிலுள்ள லக்கி என்னும் தேநீர்ச்சாலை. இது பழைய முஸ்லிம் இடுகாடு ஒன்றன்மேல் எழுந்தது. கட்டியோர் கல்லறைகளை அகற்றினாரல்லர்; அவற்றைச் சுற்றித் தாழ்ந்த இரும்புக் கம்பி வேலியிட்டு, இடையிடையே மேசைகளை அமைத்தனர். காலைதோறும் கல்லறைகளுக்கு மலரிடுதல் வழக்கம். பணியாளர் தேநீர்க் கோப்பைகளை ஏந்தி, அவற்றை விலகி விலகி நடப்பர். 2011-இல் மறைந்த ஓவியர் எம். எஃப். உசேன் இங்குத் தேநீர் அருந்துதலை விரும்பித் தம் ஓவியம் ஒன்றையும் அளித்தார். இறந்தார் ஒருபாலும் இருப்பார் ஒருபாலுமாக அமர்ந்த அவ்விடத்தில் அச்சம் தோன்றுவதில்லை, அடக்கமே தோன்றுகின்றது. நாம் அமர்ந்த இடம் நமக்கு முன்னரும் ஒருவர்க்கு உரியது என்பதை அது சொல்லாமற் சொல்லும்.

மூன்றாவது சேவா கஃபே. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தோன்றிய இச்சாலையில் சமைப்பாரும் பரிமாறுவாரும் பெரும்பாலும் தாமே முன்வந்த தொண்டர். உண்டு முடித்தார்க்குத் தரும் பற்றுச்சீட்டிற் குறித்த தொகை சுழியம். முன்னே வந்து உண்டவர் நும் உணவிற்கு ஈந்து சென்றனர். பின்னே வருவார்க்கு நீவிர் விரும்பியதை ஈயலாம் என்பதே அதன் கருத்து. இதனைப் பின்பற்றி 2007-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கர்மா கிச்சன் தொடங்கப்பெற்றது.

விலை குறித்த சீட்டாயின், கணக்குத் தீர்த்து எழுந்துவிடுவோம். சுழியமோ எளிதில் தீர்வதன்று. குறைய ஈந்தால் இகழ்வார் இலர். மிக ஈந்தால் புகழ்வார் இலர். தன் நெஞ்சு ஒன்றே சான்று.

இதனை எண்ணுங்கால் எமக்கு நம் கல்லூரியே நினைவிற்கு வந்தது. யாம் பெறும் உதவிச் சம்பளம் பழைய மாணவர் எவரோ வைத்துச் சென்ற பொருளினின்று வருவது. அவர் முகம் அறியோம். அவர்க்குத் திருப்பித் தரவும் இயலாது. விடுதிச் சாம்பாரில் உப்பில்லை என்று நாடோறும் முறையிட்ட யாம், அவ்வுணவிற்கு ஈந்தவரை ஒருநாளும் நினைத்ததில்லை. எம் கையிலும் சுழியம் எழுதிய சீட்டு ஒன்று உளது. நமக்குப் பின் இப்பந்தியில் அமர்வார்க்கு யாது வைத்துப் போகின்றோம் என எண்ணுதலே உண்பார் கடன்.