கண்ணுக்குத் தெரியாத வரி மனதில் பதியுமா?

நீங்கள் வழக்கம்போல் டைப் செய்து கொண்டிருப்பீர்கள். 'எனக்குத் தன்னம்பிக்கை அதிகம்' என்ற வரி மானிட்டரில் மின்னி மறையும். கண்ணுக்குத் தெரியாது, ஆழ்மனதில் பதிந்துவிடும். இப்படிச் சொல்லி விற்கப்படும் புரோகிராம்கள் உண்டு. பணம் கட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் 1957-ல் ஜேம்ஸ் விகாரி என்பவர், சினிமா ஓடும்போது 'பாப்கார்ன் சாப்பிடுங்கள்' என்ற வரியை ஒரு விநாடியில் 3,000-ல் ஒரு பங்கு நேரம் மட்டும் திரையில் காட்டியதாகவும், பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததாகவும் அறிவித்தார். முடிவு சொல்லும் அளவுக்குத் தகவலே திரட்டவில்லை என்று 1962-ல் அவரே ஒப்புக்கொண்டார். இந்த இரண்டாவது செய்திதான் பலருக்கும் போய்ச் சேரவில்லை!

உங்கள் மானிட்டரால் அவ்வளவு வேகமாகக் காட்டவும் முடியாது. சாதாரண மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். எதையும் சுமார் 17 மில்லி செகண்டுக்குக் குறைவாகக் காட்டாது.

அப்படியானால் எல்லாமே பொய்யா? இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு சொல்லைக் கண நேரம் காட்டி, உடனே அதன்மேல் அர்த்தமில்லாத எழுத்துகளைப் போட்டு மறைப்பார்கள். பார்ப்பவருக்குச் சொல் தெரியாது. ஆனாலும் அடுத்து வரும் சொல் நல்லதா கெட்டதா என்று பட்டனை அழுத்தும்போது, மறைந்த சொல்லின் பாதிப்பு தெரியும். எவ்வளவு நேரம்? அமெரிக்க உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்டு குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், இரு சொற்களுக்கும் இடைவெளி 100 மில்லி செகண்டைத் தாண்டியதும் பாதிப்பு போய்விட்டது. விநாடியில் பத்தில் ஒரு பங்கு. தன்னம்பிக்கை வளர இது போதுமா?

2000-ல் அவரும் ரிச்சர்டு ஆப்ராம்ஸும் வெளியிட்டது இன்னும் சுவையானது. 'ஸ்மட்' என்றால் ஆபாசம், 'பைல்' என்றால் பித்தநீர். இரண்டையும் கெட்ட சொற்களாகப் பலமுறை வகைப்படுத்தச் செய்தார்கள். பிறகு கண்ணுக்குத் தெரியாமல் 'ஸ்மைல்' என்று காட்டினார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இது முதல் சொல்லின் தலையும் இரண்டாவதன் வாலும் சேர்ந்தது. புன்னகை கெட்ட சொல்லாகவே வேலை செய்தது! மூளை சொல்லை முழுதாகப் படிக்காமல் துண்டுகளைத்தான் பிடித்திருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், ஃபைல் பெயரில் சில எழுத்துகளை மட்டும் தேடும் சர்ச் மாதிரி. தனிச் சொல்லின், எண்ணின் பொருள் ஓரளவு எட்டுவதாகக் காட்டும் ஆய்வுகளும் பின்னர் வந்தன. ஆனால் வாழ்க்கையை மாற்றும் முழு வாக்கியம் வெகுதூரம்.

அத்தகைய புரோகிராமை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ வசதி இருந்தால் மானிட்டரைப் படம் பிடித்து ஓட்டிப் பாருங்கள். வரி உண்மையிலேயே வருகிறதா என்பதாவது தெரிந்துவிடும்.